நூற்று நாற்பத்தாறு பக்கம் வரை

அந்த நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்குத்தான் மேடை கிடைக்கும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அங்கே அதுதான் நடைமுறை.

முன்பெல்லாம் மாதக் கடைசி ஞாயிறு புத்தகப் பேச்சுக்கு வெளியூர்ப் பெரிய மனிதர்களைத்தான் விருந்தினராக அழைத்தார்கள். வருகிறேன் என்பார்கள். ஞாயிறு காலையில் தொண்டை சரியில்லை என்று போன் வரும். விரித்த நாற்காலிகள் விரித்தபடி கிடக்க, வாங்கிய பிஸ்கட்டை நூலகப் பொறுப்பாளரே ஒரு வாரம் தின்று தீர்ப்பார். அவருக்கு ‘சீல்’ என்று பெயர். கைக்கு எட்டிய தாளிலெல்லாம் நூலக முத்திரையைக் குத்திவிடுகிற ஆள். தங்கை கல்யாணப் பத்திரிகையைக்கூட விட்டுவைக்காதவர். ஒருநாள் வெறுத்துப்போய், “எவங்க ஒரு புத்தகத்தை ரொம்ப நாளா விடாம வச்சிருக்காங்களோ, அவங்களே வந்து அதைப் பத்திப் பேசட்டும்” என்று எழுதி ஒட்டிவிட்டார்.

தண்டனையாகத்தான் ஆரம்பித்தது. முதலில் மாட்டியவள் ஒரு நர்ஸ். எட்டு மாதம் வைத்திருந்த தேசப்படப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, தான் போகவே முடியாத ஊர்களைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அன்றோடு தண்டனை மரியாதையாக மாறிவிட்டது. பேசி முடித்ததும் அதே புத்தகத்தை எல்லார் முன்னாலும் திருப்பித் தர வேண்டும். சீல் கையை ஓங்கி ஒரு முத்திரை குத்துவார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அந்த ‘அதே புத்தகம்’ என்கிற இடத்தில்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அக்கா மாட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, கடையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே வழக்கம்போல் நூலகத்துக்குப் போன் செய்தாள்.

“தம்பி, அந்த நாவலை இன்னும் ரெண்டு வாரம் புதுப்பிச்சுப் போட்டுடுங்க.”

“இனிமே புதுப்பிக்க முடியாதுக்கா” என்றார் சீல். குரலில் சிரிப்பு. “இந்த மாச விருந்தினர் நீங்கதான். பதினோரு மாசம், இருபத்திரெண்டு தடவை! நர்ஸம்மா ரெக்கார்டையே முறியடிச்சிட்டீங்க.”

“ஐயோ, எனக்குப் பேசவெல்லாம் வராது தம்பி.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்றது. நோட்டீஸ் ஒட்டியாச்சு. சீலும் குத்தியாச்சு. மேஸ்திரி ஐயா கிட்டயும் சொல்லிட்டேன். ‘என் வீட்டம்மா புத்தகத்தை அந்தப் பொண்ணு பதினோரு மாசமா விட மாட்டேங்குதா’ன்னு கேட்டுக் கேட்டு சிரிக்கிறார்.”

போனை வைத்த பிறகும் அவள் கையிலிருந்த துணி துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி அந்த ஊரில் பாதிக் கட்டடங்களைக் கட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் மனைவி இறந்ததும், அந்த அம்மாளின் புத்தகங்களை நான்கு அலமாரியோடு நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்றுதான் இந்த நாவல். ஒரு மனிதன் இருபது வருடமாகத் தன் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டே இருக்கிற கதை. கதையை விடக் கண்ணாடிக்கடை அக்காவைக் கட்டிப் போட்டது பக்க ஓரங்கள். அந்த அம்மாள் பென்சிலால் சின்னச் சின்னதாக எழுதி வைத்திருந்தார். படிக்கிறவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒருத்தி பேசிக்கொண்டே வருவது போல இருக்கும். தினம் பத்துப் பக்கத்துக்கு மேல் போகாமல், தீர்ந்துவிடப் போகிறதே என்று சிக்கனமாகப் படித்தாள்.

நூற்று நாற்பத்தாறாம் பக்கத்தில், படித்தபடியே தூங்கிப்போனாள். புத்தகம் போர்வைக்குள் போயிற்று. காலையில் அவசரம். கணவனின் டிரைவர் சீருடை, தலையணை உறை எல்லாவற்றோடும் போர்வையைச் சுருட்டித் துணி துவைக்கிற இயந்திரத்துக்குள் திணித்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். மாலையில் மூடியைத் திறந்தபோது உள்ளே காகிதக் கஞ்சி. அட்டை மட்டும் தனியாகச் சுருண்டு கிடந்தது. துணியெல்லாம் தாள் துணுக்கு. ஒரு வாரம் வரை பயணிகள் அவள் கணவனைப் பார்த்து, “என்ன டிரைவர் சார், இவ்வளவு பொடுகு?” என்று விசாரித்தார்கள்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நூலகப் படி வரைக்கும் போனாள். உள்ளே மேஸ்திரி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கால் திரும்பிவிட்டது. இரண்டு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று புதுப்பித்தாள். பிறகு இன்னொரு இரண்டு வாரம். “இன்னும் முடிக்கலையாக்கா?” என்று சீல் கேட்டால், “ரசிச்சுப் படிக்கிறேன் தம்பி” என்பாள். அப்படியே இருபத்திரெண்டு.

அன்றிரவுச் சாப்பாட்டில் விஷயம் மேசைக்கு வந்தது. மேசையைச் சுற்றி மூன்று பேர். அவள், அவள் கணவன், கணவனின் அக்கா. நாத்தனார் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடமாகச் சான்றிதழ்களில் பெயர் எழுதுகிறவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நாக்கு அப்படி இல்லை.

“புத்தகத்தைத் துவைச்ச ஒரே குடும்பம் நம்ம குடும்பமாத்தான் இருக்கும்” என்றாள் நாத்தனார். “சோப்பு போட்டியா, பவுடரா?”

“அண்ணி, விளையாட்டுக்கு இது நேரமில்ல. எனக்குச் சோறு இறங்கல.”

“சீக்குன்னு சொல்லிடு.”

“எத்தனை மாசத்துக்குச் சொல்றது?”

கணவன் எழுந்து போய்த் தன் பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். தொலைதூர பஸ் ஓட்டுகிறவன். போகிற ஊரிலெல்லாம் பழைய புத்தகக் கடை ஏறி இறங்கியிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“பதினேழாவது கடை” என்றான். “அதே நாவல். அதே அட்டை. கொஞ்சம் மூலை மடங்கியிருக்கு. நூலகத்துப் புத்தகம்னா மூலை மடங்காமலா இருக்கும்?”

அவள் புரட்டினாள். அதே எழுத்து, அதே பக்கம். ஓரங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

“என்னங்க, இதுல அவங்க இல்லையே” என்றாள்.

“யாரு?”

“அந்த அம்மா.”

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கடைக்குள் ஈரக் குடை வாசனை. அவள் லென்ஸ் ஒன்றைச் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தண்ணீர் சொட்டவிட்டு விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது. மேஸ்திரி.

“நம்ம விருந்தினர் இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தார். “ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்குப் புதுசா ஒரு கண்ணாடி வேணும்மா. பக்கத்துல இருக்கிறது ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

“தந்துடலாம்யா. உட்காருங்க.”

“உட்கார்ந்துதான் இருக்கேன்.”

அவர் கண்ணுக்கு அளவெடுக்க முகத்துக்கு நேரே குனிய வேண்டும். இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. கருவிழிக்கு நேரே மாதிரிக் கண்ணாடியில் பேனாவால் புள்ளி வைத்ததும் சட்டென்று நிமிர்ந்துகொண்டாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார் மேஸ்திரி. “அந்தப் புத்தகத்துல அவ ஏதோ எழுதி வச்சிருக்கான்னு சீல் சொன்னப்புறம்தான் எனக்கே தெரியும். அதுக்கு முன்னாடி நான் அதைத் திறந்ததே இல்ல. அவ படிச்சுக்கிட்டிருப்பா, நான் செங்கல் கணக்கு பார்த்துக்கிட்டிருப்பேன். நாப்பது வருஷம் அப்படித்தான்.”

“ஆமாங்கய்யா.”

“சீல் சொன்னதும் போய் வாங்கிப் பார்க்கலாம்னுதான் நினைச்சேன். உங்ககிட்ட இருக்குன்னான். சரி, அந்தப் பொண்ணு படிக்கட்டும்னு விட்டுட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, பயம்மா எனக்கு. தனியா உட்கார்ந்து படிக்கிற தைரியம் இல்ல. கூட்டத்துல நீங்க வாசிச்சா நாலு பேரோட நாலு பேரா கேட்டுக்குவேன். அதுக்கப்புறம் வாங்கி நானே ஒரு தடவை பார்த்துக்குவேன்.”

இப்போது சொல்லிவிடலாம். கடையில் வேறு யாரும் இல்லை. ‘ஐயா’ என்று வாயெடுத்தாள். “ஐயா, ஃபிரேம் கறுப்பா, பழுப்பா?” என்று வந்தது.

அவர் போனதும் சாணைக்குத் திரும்பினாள். சக்கரத்தில் லென்ஸ் ஓரம் சில்லாகத் தெறித்தது. பதினைந்து வருடத்தில் அவள் கையில் உடைந்த முதல் லென்ஸ் அது.

சனிக்கிழமை மதியம். மழை விடவில்லை. வீட்டுக்குள் கட்டிய கொடியில் காயாத துணிகள் முகத்தில் இடித்தன. மேசையில் அந்தப் பதினேழாவது கடைப் புத்தகம், ஒரு பென்சில், டீ. யோசனை நாத்தனாருடையது.

“நீ படிச்சது ஞாபகம் இருக்குல்ல? நீ சொல்லு, நான் எழுதறேன். சின்ன எழுத்தா, சாய்வாத்தானே?”

“அது பொய்யில்லையா அண்ணி?”

“அந்தம்மா சொன்ன வார்த்தைதானே? வார்த்தை அவங்களோடது, கை மட்டும் என்னோடது. நான் எழுதின சான்றிதழை வச்சு எத்தனை பேரு வேலைக்குப் போயிருக்கான், அவனெல்லாம் பொய்யா?”

அவள் டீயைத் தள்ளி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஞாபகம் தடுமாறவே இல்லை. கதாநாயகியின் மாமியார் முதல்முறை வருகிற இடத்தில், ‘வந்துவிட்டாள்.’ முப்பத்து மூன்றாம் பக்கத்தில், ‘இவன் பொய் சொல்கிறான். கையைப் பிசைகிறான் பார்.’ மழைக்காலம் வருகிற அத்தியாயத்தில், ‘இந்த இடத்தில் என் டீ ஆறிவிட்டது.’ குழந்தை சாகிற இடத்தில், ‘அழவில்லை. வெங்காயம்.’

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதியதைக் கணவன் விரலால் லேசாகத் தேய்த்து மங்கலாக்கினான். பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது. ஒருவரின் வீட்டுக்குள் மூன்று பேரும் செருப்போடு நுழைந்துவிட்டது போல.

“நூத்தி நாப்பத்தாறு ஆச்சு” என்றாள் நாத்தனார். “இனிமே?”

“இனிமே இல்ல. அதுக்கு மேல நான் படிக்கல.”

“பாதிப் புத்தகத்துல எழுதிட்டு மீதியில ஏன் எழுதலன்னு கேப்பாரே. கதை முடிவு என்ன?”

“வீடு முடியறதுக்குள்ள அந்த ஆளு போயிடறான். பொண்டாட்டி தனியா உள்ள போறா” என்றான் கணவன். பஸ் நிலையத்தில் காத்திருந்த நேரத்தில் அவன் கடைசி அத்தியாயத்தைப் படித்திருந்தான்.

“அப்ப அங்க ‘பாவம்’னு ஒண்ணு எழுதிடறேன்.”

“அந்தம்மா பாவம்னெல்லாம் எழுத மாட்டாங்கக்கா” என்றான் அவன். “ மறுபடியும் வெங்காயம்னுதான் எழுதுவாங்க.”

“ரெண்டு தடவை எவளாவது வெங்காயம்னு எழுதுவாளா? அவ்வளவு ரசனை இல்லாதவங்களா அவங்க?”

“சரி, அதை விடு” என்றான் கணவன். “ எங்கயாவது ‘என் வீட்டுக்காரர் தங்கம்’னு ஒண்ணு போட்டுடு. பெரியவர் மனசு குளிர்ந்துடும்.”

நாத்தனார் பென்சிலைத் தாளில் வைத்தாள். சொல்லிக்கொண்டு வந்தவளோ சட்டென்று புத்தகத்தை இழுத்து மூடினாள். பென்சில் முனை உடைந்து டீக்குள் விழுந்தது.

“வேணாம் அண்ணி. அவங்க அதுக்கு மேல என்ன எழுதினாங்கன்னு இப்ப உலகத்துல யாருக்கும் தெரியாது. அப்படி யாருக்கும் தெரியாமப் போகப் பண்ணினது நான். அந்த இடத்துல போய் நம்ம பேச்சை எழுத வேணாம்.”

“அப்ப எழுதினது?”

எழுதியதை அழிக்கவும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. “எழுதினது இருக்கட்டும்” என்று வாய்க்குள் சொன்னாள். சொன்னது தனக்கே பிடிக்காமல் எழுந்து போய், கொடியில் இன்னும் ஈரம் காயாத துணியை மடிக்கத் தொடங்கினாள்.

ஞாயிறு நான்கு மணி. நூலகத்தில் நாற்பது நாற்காலி, ஐம்பது பேர். குடைகள் வாசலில் குவிந்து கிடந்தன. முன்வரிசையில் மேஸ்திரி, வெள்ளைச் சட்டை போட்டு, புதுக் கண்ணாடியோடு. கடைசி வரிசையில் அவள் கணவனும் நாத்தனாரும். சீல் முத்திரையையும் மை டப்பாவையும் மேசை மேல் எடுத்து வைத்துவிட்டு, “நம்ம கண்ணாடிக்கடை அக்கா பதினோரு மாசம் ஒரே புத்தகத்தோட குடும்பம் நடத்தியிருக்காங்க” என்று ஆரம்பித்ததும் கூட்டம் சிரித்தது.

அவள் எழுந்தாள். கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். குரல் முதலில் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. பிறகு கொஞ்சம் நிமிர்ந்தது. மாமியார் வருகிற இடம் வந்ததும், “இங்க ஓரத்துல அந்த அம்மா எழுதியிருக்காங்க, ‘வந்துவிட்டாள்’னு” என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேஸ்திரி தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து மேசைக்கு வந்தார்.

“கொடுங்கம்மா. பேச்சு முடியற வரைக்கும் பொறுக்கல. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துட்டுத் தந்துடறேன்.”

கை நீட்டினார். சுண்ணாம்பும் சிமென்டும் தின்று தோல் தடித்த விரல்கள். அவள் கையிலிருந்து புத்தகம் போய்விட்டது. அவர் பக்கத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், அந்தப் பென்சில் எழுத்தின் மேல் ஒரு விரலை வைத்தார். அழுத்தாமல், தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி.

“ஐயா, அது அவங்க எழுத்தில்ல.”

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. மேஸ்திரி நிமிர்ந்தார்.

“எழுதினது எங்க அண்ணி. நேத்து. இது அந்தப் புத்தகமும் இல்லய்யா. அதை நான் போர்வையோட மெஷின்ல போட்டுத் துவைச்சுட்டேன். பதினோரு மாசமாச்சு. ஒரு எழுத்து மிஞ்சல. உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சேன்.”

யாரோ “துவைச்சுட்டாங்களா?” என்றார்கள். யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விழுங்கினார்கள். சீல் முத்திரையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.

மேஸ்திரி புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். வைத்த விதத்தில் கோபம் தெரியவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“வியாழக்கிழமை நான் உங்க முன்னால உட்கார்ந்து அவ்வளவும் சொன்னேன்.”

“ஆமாங்கய்யா.”

“அப்ப ஃபிரேம் என்ன கலர்னு கேட்டீங்க.”

நாத்தனார் பின்வரிசையில் எழுந்து நின்று, “எழுதச் சொன்னது நான்தாங்க. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. ஆனா வார்த்தையெல்லாம் உங்க வீட்டம்மாவோடதுதான். இவ நெஞ்சுல அப்படியே வச்சிருக்கா” என்றாள்.

“எப்படி நம்பறது?” மேஸ்திரி திரும்பினார். குரல் முதல்முறையாக உடைந்தது. “‘வந்துவிட்டாள்’னு யார் வேணா எழுதலாம். எது அவ சொன்னது, எது நீங்க கட்டினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் புத்தகம் இருந்தாலாவது எடுத்துப் பார்த்துக்குவேன். இப்ப அவ பேசினதுக்கு நீங்கதான் சாட்சி. நீங்களோ…” முடிக்காமல் குடையைத் தேடி வாசலைப் பார்த்தார்.

அவர் சொன்னது நியாயம். டீ ஆறியதைச் சொன்னாலும் வெங்காயத்தைச் சொன்னாலும் இனி அது கட்டிய கதைதான். இப்படியே அவர் போய்விட்டால் அந்த அம்மாளும் கூடவே போய்விடுவார். பக்கமும் போய், இப்போது ஞாபகமும் போய்விடும்.

நேற்று அண்ணியிடம் சொல்லாமல் அவள் விழுங்கிக்கொண்ட குறிப்பு ஒன்று இருந்தது. தொண்ணூற்று ஒன்றாம் பக்கம். அதை எந்தப் புத்தகத்திலும் எழுதத் தேவையில்லை, அந்த மனிதருக்கு அது வேண்டாம் என்று நினைத்திருந்தாள்.

“ஐயா, ஒண்ணு இருக்கு. சொன்னா உங்களுக்கு வலிக்கும்.”

அவர் நின்றார்.

“கதையில அந்த ஆளு சமையலறைக்குச் சன்னல் எங்க வைக்கலாம்னு பொண்டாட்டியைக் கேப்பான். அந்தப் பக்கத்துல மட்டும் ரெண்டு ஓரமும் நிறைய எழுதியிருந்தாங்க.” அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை; அவரைப் பார்த்தே சொன்னாள். “‘கேட்கிறானே, புண்ணியவான். நானும் ஒரு சன்னல் கேட்டேன். கரி படியும் என்றார். ஊருக்கெல்லாம் சன்னல் வைக்கிறார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சமைக்கிறேன்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தாங்க.”

பின்வரிசையில் அவள் கணவன் முகத்தை மூடிக்கொண்டான்.

மேஸ்திரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உதடு ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது.

“கரி படியும்னுதான் சொன்னேன்” என்றார். “அடுத்த வீட்டுக்காரன் வெள்ளையடிச்ச சுவரு. கரி படியும்னு சொன்னேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவளும் சொல்லியிருக்க மாட்டா. அப்புறம் ஒரு தடவைகூட கேக்கல. மறந்துட்டான்னு நினைச்சேன்.”

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்துகொண்டே வந்தது. அவள் பக்கத்தில் போக ஒரு அடி எடுத்து வைத்து, போகலாமா என்று தெரியாமல் நின்றாள்.

“அவதான்” என்றார் மேஸ்திரி. “அவளேதான். புண்ணியவான்னு நாக்கை இழுத்துச் சொல்லுவா.”

“ஐயா, என்னை…”

“மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. எனக்குக் கோபம் போகல. போகவும் போகாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை அவளுக்கு நேரே இழுத்துப் போட்டார். இழுத்த சத்தத்தில் சீல் துள்ளி எழுந்து, அவளுக்கும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்.

“உட்காருங்கம்மா. நூத்தி நாப்பத்தாறு பக்கம் படிச்சிருக்கீங்கல்ல? முதல்ல இருந்து சொல்லுங்க. எனக்கு நல்லதா இருக்கணும்னு பார்க்க வேணாம். அவ திட்டியிருந்தா திட்டினபடியே சொல்லுங்க.”

அவள் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலிகளை அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்த்துகிற சத்தம் கேட்டு அடங்கியது.

“முதல் பக்கத்துல ஒண்ணும் இல்லய்யா” என்றாள். “ரெண்டாவது பக்கத்துல, மேல, வலது பக்கம்…”